பால்புதுமையினர் இலக்கிய இதழ்: அழைப்பு முதல் அச்சுப் பிரதி வரை புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு பால்புதுமையினர் (குயர்: தன்பாலீர்ப்பாளர், இருபாலீர்ப்பாளர், திருநர் முதலானோர்) இலக்கிய இதழின் ஆசிரியர் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். அல்லது நண்பர்கள் நாலு பேர் கூடிச் சொந்தமாக ஒன்றைத் தொடங்கப்போகிறீர்கள். எப்படியானாலும் அடுத்த இதழ் வர வேண்டும். மற்ற சிற்றிதழ்களுக்கு உள்ள எல்லா வேலையும் இதற்கும் உண்டு: படைப்புகளைக் கேட்டு வாங்குவது, வாசிப்பது, தேர்ந்தெடுப்பது, செம்மை செய்வது, பக்கமாக்கம், மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்ப்பது), அச்சு, விநியோகம். அவற்றோடு கூடுதலாக ஒரு பொறுப்பும் இருக்கிறது. உங்களுக்கு எழுதுகிறவர்களில் பலருக்கு, தங்கள் பெயர் அந்தப் பக்கத்தில் வருவதா வேண்டாமா என்பது வீட்டையும் வேலையையும், சில நேரம் உயிரையும் தொடுகிற விஷயம். ஆகவே எழுத்தாளரின் பெயர் யாருக்குத் தெரியலாம், யாருக்குத் தெரியக் கூடாது என்பதை அவர் ஒருவரே தீர்மானிக்கிறார். இதழின் மற்ற வேலைகள் எல்லாம் அந்த முடிவுக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டும்.

இந்தக் கவலை புதிதல்ல. 1947 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் ஈடித் ஐட் என்ற அலுவலகச் செயலாளர் 'வைஸ் வெர்சா' என்ற, தன்பாலீர்ப்புள்ள பெண்களுக்கான இதழைத் தன் தட்டச்சு இயந்திரத்திலேயே உருவாக்கினார். கார்பன் தாள் வைத்து அடித்தால் ஒரு தடவைக்குச் சில பிரதிகள் கிடைக்கும். மறுபடி உட்கார்ந்து முழு இதழையும் அடித்தால் இன்னும் சில. அதில் அவர் பெயர்கூட இல்லை. தபாலில் அனுப்பினால் ஆபத்து என்று தெரிந்தபின் பிரதிகளைக் கையிலேயே கொடுத்தார். படித்தவர்கள் அடுத்தவருக்குக் கைமாற்றினார்கள். ஒன்பது இதழ்கள் வந்தன. 1956 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய, அதே வகை இதழான 'தி லேடர்', சந்தாதாரர்களின் பெயர்ப் பட்டியல் பத்திரமாக இருக்கிறது என்று தன் இரண்டாம் இதழிலேயே எழுதி உறுதி தர வேண்டியிருந்தது. அதன் ஆசிரியர் பில்லிஸ் லயன் முதல் சில இதழ்களில் ஆன் ஃபெர்குசன் என்ற புனைபெயரில் எழுதினார். பிறகு அதைக் கைவிட்டுச் சொந்தப் பெயருக்கு வந்தார். அதே இதழுக்கு 1957இல் கடிதம் எழுதிய நாடகாசிரியர் லோரெய்ன் ஹான்ஸ்பெரி முதலெழுத்துகளை மட்டுமே போட்டார். ஒருவர் முழுப் பெயரோடும், ஒருவர் புனைபெயரோடும், ஒருவர் இரண்டு மூன்று எழுத்துகளோடும் ஒரே இதழில் சேர்ந்து நிற்க முடியும். அதற்கு இடம் செய்து தருவதுதான் நம் வேலை.

அழைப்புக்கு முன்பு

முதலில் குழு. படைப்புகளை வாசிக்க மூன்று பேராவது வேண்டும். இரண்டு பேர் என்றால் கருத்து வேறுபாடு வரும்போது அங்கேயே நின்றுவிடும். அவர்கள் மூவரும் ஒரே அடையாளத்தைச் சேர்ந்தவர்களாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் மட்டுமே வாசிக்கும் இதழில் திருநர் எழுத்தும் இருபாலீர்ப்புள்ள பெண்களின் எழுத்தும் தானாக ஓரத்துக்குப் போய்விடுகின்றன. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஆனாலும் நடக்கிறது.

அப்புறம் ஒருவரைப் பெயர்ப் பொறுப்பாளராக வையுங்கள். எந்தப் புனைபெயருக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்ற பட்டியல் அவரிடம் மட்டும் இருக்கும். குழுவின் மற்றவர்களுக்கு அது தேவையில்லை. நண்பர்கள்தானே என்று எல்லோருக்கும் திறந்து வைத்தால், குழுவில் ஒரு மனத்தாங்கல் வந்து ஒருவர் விலகும் நாளில் பட்டியலும் அவரோடு வெளியே போகும்.

காலக்கணக்கு: அழைப்பு வெளியிடும் நாளிலிருந்து அச்சுப் பிரதி கைக்கு வரும் வரை ஆறு மாதம் வைத்துக்கொண்டால் மூச்சு விடலாம். படைப்பு அனுப்ப ஆறு முதல் எட்டு வாரம், வாசித்து முடிவெடுக்க இரண்டு மாதம், செம்மையாக்க ஒரு மாதம், மீதி பக்கமாக்கத்துக்கும் மெய்ப்புக்கும் அச்சுக்கும். இதை நான்கு மாதமாகச் சுருக்கலாம். அப்படிச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது எழுத்தாளரோடு பேசும் நேரம். அதை இழக்கக் கூடாது என்பதால் நான் ஆறு மாதத்தைத்தான் சொல்வேன்.

சிறப்புத் தலைப்பு வேண்டுமா? முதல் இதழுக்கு வேண்டாம். வருவது வரட்டும், யார் எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். பின்னால் தலைப்பு வைக்கும்போதும் 'அடையாளம்', 'வெளிப்படுதல்' போன்றவற்றைத் தவிர்ப்பது நல்லது. அந்தத் தலைப்புகள் ஒரே கதையைத் திரும்பத் திரும்ப வரவழைக்கும்: மறைத்தது, அழுதது, சொன்னது, அதன்பின் என்ன ஆனது என்று. அந்தக் கதைக்கு மதிப்பில்லை என்று சொல்லவில்லை. ஆனால் பால்புதுமையினருக்கு வேலையிடம் இருக்கிறது, முதுமை இருக்கிறது, வாடகை வீடு இருக்கிறது, நோயாளியான அம்மா இருக்கிறார், நட்பு முறிவு இருக்கிறது. 'வேலை', 'முதுமை', 'கடிதங்கள்' என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். நீங்கள் எதிர்பார்க்காத எழுத்து வரும்.

அழைப்பு எழுதுவது

அழைப்பு சுருக்கமாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும். என்னென்ன வகை எழுத்து, எத்தனை சொற்கள் வரை, கவிதையானால் எத்தனை, மொழிபெயர்ப்பானால் மூல ஆசிரியரின் அனுமதி வேண்டும் என்பது, கடைசி நாளும் நேரமும், பதில் எந்தத் தேதிக்குள் வரும், ஒரே படைப்பை வேறு இதழுக்கும் அனுப்பலாமா, சன்மானம் உண்டா இல்லையா. சன்மானம் இல்லையென்றால் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விடுவதுதான் மரியாதைக் குறைவு.

இந்த இதழுக்கே உரிய சில வரிகள் உண்டு. புனைபெயரில் அனுப்பலாம்; படைப்பு தேர்வாகும் வரை சொந்தப் பெயரைச் சொல்லவே வேண்டியதில்லை. தன் அடையாளத்தை விளக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பால்புதுமையினர் மட்டுமே எழுதலாம் என்று நீங்கள் முடிவு செய்திருந்தால், அனுப்புகிறவரின் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள். சான்று கேட்காதீர்கள், படிவத்தில் அடையாளக் கட்டங்களை நிரப்பச் சொல்லாதீர்கள். இன்னும் தனக்கே ஒரு சொல் கிடைக்காத ஒருவர் எழுதும் கவிதைதான் சில நேரம் இதழின் சிறந்த பக்கமாக அமையும். கட்டத்தைப் பார்த்ததும் அவர் படிவத்தை மூடிவிட்டுப் போய்விடுவார்.

பதினெட்டு வயது ஆகாதவர்களின் எழுத்தை என்ன செய்வது என்பதை அழைப்புக்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். பெற்றோர் சம்மதம் கேட்டால் அந்தப் பிள்ளையை வீட்டில் காட்டிக்கொடுத்தது போலாகும். கேட்காமல் வெளியிட்டால் சட்டச் சிக்கல் வரலாம். பெரும்பாலான சிறு இதழ்களுக்குப் பதினெட்டு வயதுக்கு மேல் என்று வைப்பதே பாதுகாப்பான வழி. இளையவர் ஒருவர் எழுதி அனுப்பிவிட்டால் அன்பாகப் பதில் எழுதி, எழுத்தைப் பற்றி நாலு வரி சொல்லி, பிறகு அனுப்பச் சொல்லுங்கள்.

வந்து சேரும் கோப்புகள்

இதைப் பலர் கவனிப்பதில்லை. வேர்டு கோப்பின் பண்புகளில் ஆசிரியர் பெயர் தானாகப் பதிவாகியிருக்கும். கணினி யாருடையதோ அவர் பெயர் அது. திருத்தங்களைக் காட்டும் வசதியில் ஒவ்வொரு திருத்தத்தின் ஓரத்திலும் அதே பெயர் நிற்கும். கைபேசியில் எடுத்த புகைப்படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் ஒளிந்திருக்கலாம். கூகுள் டாக்ஸில் ஒருவர் கருத்து எழுதினால் அவர் கணக்கின் பெயர் எல்லோருக்கும் தெரியும். புனைபெயரில் எழுதுகிறவர் இவற்றையெல்லாம் யோசித்திருக்க மாட்டார், ஆகவே நீங்கள் யோசிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். கோப்பு வந்ததும் பெயர்ப் பொறுப்பாளர் அதன் உரையை மட்டும் எடுத்துப் புதிய கோப்பில் ஒட்டி, ஓர் எண் கொடுத்து, எண்ணை மட்டும் கோப்பின் பெயராக வைக்கிறார். படங்களில் உள்ள இடத் தகவலை நீக்குகிறார். வாசிக்கும் குழுவுக்குப் போவது இந்தப் புதிய கோப்புகள்தான். மூலக் கோப்புகள் கடவுச்சொல் உள்ள ஒரே இடத்தில் இருக்கட்டும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலைப் பகிர்ந்த கோப்புறையில் வைக்காதீர்கள்.

மின்னஞ்சல் தலைப்பு வரியிலும் கவனம் தேவை. மேசைமேல் கிடக்கும் கைபேசியில் அறிவிப்பாக முதலில் தெரிவது அந்த வரிதான். 'உங்கள் படைப்பு பற்றி' என்பது போதும். இதழின் பெயர் அதில் வேண்டாம்.

வாசித்துத் தேர்வது

ஒவ்வொரு படைப்பையும் குறைந்தது இரண்டு பேர் தனித்தனியே வாசித்து, ஒருவர் குறிப்பை மற்றவர் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கூடிப் பேசுவது. மதிப்பெண் முறை எனக்கு உவப்பில்லை. பத்துக்கு ஆறு என்பது எதையும் சொல்வதில்லை. 'இந்த வரியில் நின்றேன்', 'இங்கே ஆர்வம் போனது', 'முடிவு முதலிலேயே தெரிந்துவிட்டது' என்று எழுதும் குறிப்புகள் பின்னால் செம்மையாக்கத்துக்கும் உதவும்.

இங்கேதான் மிகக் கடினமான கேள்வி வருகிறது. ஒருவர் தான் பட்ட அடியை எழுதி அனுப்புகிறார். எழுத்தாக அது இன்னும் தேறவில்லை. வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. ஆனால் வலியின் அளவை வைத்துத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தால் இதழ் சாட்சியங்களின் தொகுப்பாகிவிடும். அடுத்த முறை எழுதுகிறவர்களும், தங்கள் வாழ்க்கையில் இருந்து அதிக வலியுள்ள பகுதியைத்தான் இங்கே கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வார்கள். பால்புதுமையினர் எழுத்தை இலக்கியமாகப் படிக்க ஓர் இடம் வேண்டும் என்றுதானே இதழ் நடத்துகிறோம்? அப்படியானால் இலக்கியமாகவே படிக்க வேண்டும். சொல் தேர்வு, குரல், வடிவம், மௌனம் விடும் இடம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு. துப்பறியும் கதை, பேய்க் கதை, விஞ்ஞானக் கதை, சாதாரணமான ஒரு ஞாயிற்றுக்கிழமையை எழுதிய கதை, சிரிக்க வைக்கும் கதை எல்லாவற்றுக்கும் இதழில் சம உரிமை உண்டு.

காமம் பற்றிய எழுத்தைக் கண்டு பதறாதீர்கள், அது இருக்கிறது என்பதற்காகவே கொண்டாடவும் செய்யாதீர்கள். கதாபாத்திரங்கள் வயது வந்தவர்களாக இருக்க வேண்டும் என்பது மீற முடியாத விதி. மற்றபடி எழுத்து நன்றாக இருக்கிறதா என்பதே கேள்வி. பயந்து எல்லாவற்றையும் வெட்டுகிற இதழ், தன் வாசகரின் உடலைப் பற்றி வெட்கப்படுகிற இதழாகிவிடும்.

முதல் சுற்றுத் தேர்வு முடிந்ததும் பட்டியலைத் தள்ளி வைத்துப் பாருங்கள். யார் இல்லை? திருநம்பிகள் (திருநர் ஆண்கள்) இல்லையா, ஊடுபால் (இன்டர்செக்ஸ்) மக்கள் இல்லையா, பாலீர்ப்பற்றவர்கள் இல்லையா, ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் யாருமே இல்லையா? வந்த படைப்புகளில் இல்லாததைத் தேர்வில் உருவாக்க முடியாது. ஆனால் கேட்டு வாங்க முடியும். அதற்கென்று காலக்கணக்கில் மூன்று வாரம் ஒதுக்கி, நீங்கள் வாசித்து மதிக்கிறவர்களுக்கு நேரடியாக எழுதுங்கள். கேட்டு வாங்கியதையும் மற்றதைப் போலவே வாசிக்க வேண்டும், திருப்பி அனுப்பும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதை முதல் கடிதத்திலேயே பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

ஏற்காத படைப்புகளுக்குப் பதில் எழுதுவதை யாரிடமும் தள்ளிவிடாதீர்கள், ஆசிரியரே எழுதட்டும். நாலு வரி போதும். எழுத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள், எழுதியவரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசாதீர்கள். 'உங்கள் அனுபவம் எங்களை உலுக்கியது, ஆனால்' என்று ஆரம்பிக்கும் கடிதம் வாங்குகிறவரை இரண்டு தடவை காயப்படுத்தும். 'இரண்டாம் பகுதி முதல் பகுதியைத் திரும்பச் சொல்கிறது' என்பது பயனுள்ள வரி. சில நேரம் படைப்போடு வரும் கடிதத்திலோ படைப்புக்குள்ளேயோ, எழுதியவர் இப்போது ஆபத்தில் இருக்கிறார் என்று தெரியும். அப்போது தேர்வு முறை, பதில் தேதி எல்லாவற்றையும் மறந்துவிட்டு அன்றே மனிதராகப் பதில் எழுதுங்கள். பால்புதுமையினரோடு பேசிப் பழகிய ஆலோசகர்கள், உதவி எண்கள் கொண்ட பட்டியல் ஒன்றைக் குழு எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். உங்களால் செய்ய முடியாததை வாக்குக் கொடுக்காதீர்கள்.

சம்மதப் படிவம்

படைப்பு ஏற்கப்பட்டது என்ற நல்ல செய்தியோடு ஒரு படிவமும் போக வேண்டும். இதழின் மொத்த வேலையிலும் நிதானமாகச் செய்ய வேண்டியது இதுதான் என்பேன். வழக்கமான படிவங்கள் 'பெயர்' என்று ஒரு கோடு போட்டு விட்டுவிடும். இங்கே பெயர் என்பது ஒன்றல்ல. அச்சில் வரும் பெயர் எது? இணையப் பதிப்பிலும் அதே பெயரா, அல்லது முதலெழுத்துகளா, அல்லது படைப்பே அச்சில் மட்டும் போதுமா? சமூக ஊடகத்தில் இதழை அறிவிக்கும்போது அவர் பெயரைச் சொல்லலாமா? சன்மானம் எந்தப் பெயரில் உள்ள கணக்குக்குப் போகும், பணம் வந்த விவரத்தில் இதழின் பெயர் தெரிந்தால் பரவாயில்லையா? பிரதியை எந்த முகவரிக்கு அனுப்பலாம், அங்கே தபாலை யார் பிரிப்பார்கள்? தொலைபேசியில் அழைக்கலாமா, எந்த நேரத்தில், எடுத்தவர் வேறு யாராவது என்றால் என்ன சொல்ல வேண்டும்? வெளியீட்டு நிகழ்வில் அவர் வருவாரா, வராவிட்டால் வேறொருவர் வாசிக்கலாமா?

எழுத்தாளர் குறிப்பு மூன்று வரியில் இருந்தாலும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். சிற்றூர் ஒன்றின் பெயர், கல்லூரியில் கற்பிக்கும் பாடம், இரண்டு குழந்தைகள் என்று மூன்றும் சேர்ந்தால் புனைபெயருக்குப் பயனே இல்லை. குறிப்பை எழுத்தாளரிடம் திருப்பிக் காட்டி, 'உங்களை அறிந்த ஒருவர் இதைப் படித்தால் கண்டுபிடித்துவிடுவாரா?' என்று கேளுங்கள்.

தன் வரலாற்று எழுத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. எழுதியவர் தன்னை வெளிப்படுத்தத் தயாராக இருக்கலாம். அவர் எழுதும் பழைய காதலர், விடுதித் தோழி, அண்ணன் தயாராக இருக்கிறார்களா? எழுதியவர் சொந்தப் பெயரில் எழுதினால், பெயர் மாற்றிய காதலரையும் ஊரில் உள்ளவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். இதைத் தேர்வு முடிந்த உடனே பேசுங்கள். ஊர், தொழில், ஆண்டு ஆகிய மூன்றில் இரண்டை மாற்றினாலே பெரும்பாலும் போதும். மாற்றினால் கட்டுரை உயிரிழக்கும் என்றால், அதைக் கதையாக எழுதலாமே என்று கேட்டுப் பார்க்கலாம். சம்பந்தப்பட்டவரின் சம்மதமும் இல்லை, மாற்றவும் முடியாது என்றால் வெளியிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

உரிமை விஷயம் எளிது. முதல் வெளியீட்டு உரிமை இதழுக்கு. இதழ் வந்தபின் எல்லா உரிமையும் எழுத்தாளருக்கே. பின்னால் வரும் தொகுப்பு, மொழிபெயர்ப்பு, ஒலிவடிவம் ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்க வேண்டும். அச்சுக்குப் போகும் நாள் வரை எந்தக் காரணமும் சொல்லாமல் படைப்பைத் திரும்பப் பெறலாம் என்று எழுதிக் கொடுங்கள். வீட்டில் நிலைமை ஒரே வாரத்தில் மாறலாம். கடைசி நேரத்தில் ஒரு படைப்பு போனால் அந்த இடத்தில் வைக்க இரண்டு கவிதைகளை எப்போதும் கூடுதலாகத் தேர்ந்து வையுங்கள், அவற்றை எழுதியவர்களிடமும் அதைச் சொல்லிவிடுங்கள்.

செம்மையாக்கம்

எழுத்தாளர் தன்னை எந்தச் சொல்லால் அழைத்துக்கொள்கிறாரோ அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும். இதழுக்கென்று ஒரு நடை விதி வைத்துக்கொள்வது நல்லதுதான், ஆனால் ஒற்றுக்கும் எண்களுக்கும் அந்த விதி போதும். ஒருவர் 'குயர்' என்று எழுதியதைப் 'பால்புதுமையினர்' என்று மாற்றுவது திருத்தம் ஆகாது.

தமிழில் 'நான் வந்தேன்' என்றால் வந்தது ஆணா பெண்ணா என்று வினைமுற்று சொல்வதில்லை. தன்மையில் எழுதிய ஒரு கதை கடைசி வரை கதைசொல்லியின் பாலைச் சொல்லாமலே போக முடியும். 'தெளிவுக்காக' என்று ஒரு 'டா'வையோ 'டி'யையோ நீங்கள் சேர்த்துவிட்டால் அந்தக் கதையின் ஆதாரமே போய்விடும். படர்க்கையில் 'அவர்' என்று எழுதியிருந்தால் அது மரியாதைக்காகவா, பால் குறிக்காமல் இருக்கவா என்று எழுத்தாளரைக் கேட்டபின் தொடுங்கள்.

அடிக்குறிப்பில் சொல்விளக்கம் சேர்க்கும் ஆசையும் வரும். வெளியாட்களுக்குப் புரிய வேண்டுமே என்ற எண்ணம்தான் காரணம். உங்கள் முதல் வாசகருக்கு அது தேவையில்லை; மற்றவர்கள் கதையின் போக்கில் புரிந்துகொள்வார்கள். வன்முறை, தற்கொலை போன்றவை வரும் படைப்புகளுக்கு உள்ளடக்கப் பக்கத்தில் ஒரு சிறு குறியும் அதற்கு ஒரு வரி விளக்கமும் போதும்.

வரிசையும் தலையங்கமும்

தலைப்புகளைத் துண்டுச் சீட்டுகளில் எழுதித் தரையில் பரப்பி மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். கனமான மூன்று படைப்புகளை அடுத்தடுத்து வைத்தால் மூன்றாவதை யாரும் முழுதாக வாசிக்க மாட்டார்கள். தலையங்கம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். நன்றி சொல்லும்போது, இடம் கொடுத்தவர், பணம் கொடுத்தவர், பயண ஏற்பாடு செய்தவர் ஒவ்வொருவரிடமும் பெயர் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். எழுத்தாளர்களின் பெயரைப் பொத்திப் பொத்திக் காத்துவிட்டு நன்றிப் பட்டியலில் நண்பர்களைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது.

பக்கமாக்கம், அட்டை, மெய்ப்பு

அச்சகத்தில் பதினாறு பக்கத்தை ஒரு ஃபாரம் என்பார்கள். 96 பக்கம் என்றால் ஆறு ஃபாரம். 100 பக்கம் என்றால் அந்த நாலு பக்கத்துக்காகத் தாளும் கூலியும் வீணாகும். 96க்குள் அடக்குங்கள், இல்லையென்றால் 112க்குப் போங்கள். நடுவில் பின் அடிக்கும் இதழானால் பக்க எண்ணிக்கை நாலால் வகுபட வேண்டும். தடித்த இதழுக்கு முதுகில் பசை ஒட்டும் பைண்டிங்தான் நிற்கும். உள்ளே 70 அல்லது 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளும் அட்டைக்கு 250 முதல் 300 ஜி.எஸ்.எம்.மும் வழக்கம். படங்கள் அச்சு அளவில் 300 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) இருக்க வேண்டும்.

யூனிகோட் எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பக்கமாக்க மென்பொருளான அடோபி இன்டிசைனில் தமிழ் எழுத்துகள் கலைந்து தெரிந்தால், பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்வு செய்தால் சரியாகும். கவிதை வரிகள் பக்க அகலத்துக்கு மடிந்து உடைந்துவிடாமல் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு கவிதையையும் மூலத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

அட்டை பற்றிக் குழுவில் நிச்சயம் விவாதம் வரும். வானவில் நிறத்தில் இதழின் பெயரைப் பெரிதாகப் போட வேண்டும் என்று ஒருவர் சொல்வார், பேருந்தில் கையில் வைத்துப் படிக்க முடியாதே என்று இன்னொருவர் சொல்வார். இருவர் சொல்வதும் நியாயம். கழற்றக்கூடிய மேலுறை ஒன்றைப் போட்டு, உள்ளே எளிமையான அட்டை வைப்பது ஒரு வழி. செலவு கொஞ்சம் கூடும், ஆனால் எப்படிப் படிப்பது என்ற முடிவு வாசகர் கையில் இருக்கும்.

ஐ.எஸ்.எஸ்.என். எண் (தொடர் வெளியீடுகளை அடையாளம் காட்டும் சர்வதேச எண்) இதழ்தோறும் மாறுவதில்லை. எட்டு இலக்க எண் ஒன்றே இதழின் பெயர் இருக்கும் வரை தொடரும். அச்சுப் பதிப்புக்கும் மின்பதிப்புக்கும் தனித்தனி எண் வாங்க வேண்டும்.

மெய்ப்பை மூன்று சுற்றாவது பாருங்கள். மூன்றாவது சுற்றில் பெயர்களை மட்டும் பாருங்கள்: உள்ளடக்கம், படைப்பின் தலைப்பு, பக்கத்தின் மேல்வரி, எழுத்தாளர் குறிப்பு, பின்னட்டை. ஐந்து இடத்திலும் சம்மதப் படிவத்தில் உள்ள அதே பெயர்தானா? படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர்ப் பொறுப்பாளரே இதைச் செய்ய வேண்டும். அச்சுக்குப் போகும் பி.டி.எஃப். கோப்பின் பண்புகளையும் ஒரு தடவை திறந்து பார்த்து, அங்கே யார் பெயரும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அச்சகமும் சட்டமும்

பக்கமாக்கம் முடிந்தபின் அச்சகத்தைத் தேடாதீர்கள். முன்கூட்டியே போய், இதழில் உள்ளவற்றிலேயே வெளிப்படையான பக்கத்தைக் காட்டி, அச்சிடச் சம்மதமா என்று கேளுங்கள். பாதி வேலையில் மறுப்பு வந்தால் ஒரு மாதம் போய்விடும். உங்கள் நாட்டுச் சட்டத்தை அறிந்த வழக்கறிஞர் ஒருவர் முழு இதழையும் வாசித்துவிடுவது நல்லது.

இலக்கியத்தின்மேலேயே கை வைத்த வரலாறு உண்டு. 1953இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய, தன்பாலீர்ப்பாளர்களுக்கான 'ஒன்' இதழின் 1954 அக்டோபர் பிரதிகளை அங்குள்ள தபால் அதிகாரி ஆபாசம் என்று தடுத்து வைத்தார். தபால் துறை காட்டிய காரணங்களில் ஒரு சிறுகதையும் ஒரு கவிதையும் இருந்தன. இதழ் நடத்தியவர்கள் வழக்குப் போட்டு, கீழ் நீதிமன்றங்களில் தோற்று, கடைசியில் 1958 ஜனவரி 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். அப்படி ஒரு வழக்கு வந்தால் நிற்க முடியுமா, எழுத்தாளர் பட்டியலைக் கேட்டால் என்ன சொல்வது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மின்பதிப்பு

இணையத்தில் வரும் பெயர் தேடுபொறியில் சிக்கும், அச்சில் வரும் பெயர் அவ்வளவு எளிதில் சிக்காது. ஆகவே மின்பதிப்புக்குத் தனிச் சம்மதம். பார்வையற்ற வாசகர்களுக்காக ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை (படத்தில் இருப்பதைச் சொல்லும் சிறு விவரிப்பு) எழுதுங்கள். பக்கங்களைப் படமாகப் போடாமல் உரையாகப் போடுங்கள். திருநர் எழுத்தாளர்களில் சிலர் பின்னால் பெயரை மாற்றிக்கொள்வார்கள். கேட்டால் மின்பதிப்பில் உடனே மாற்றித் தருவோம், பழைய பெயரைக் குறிப்பிட்டுத் திருத்தக் குறிப்புப் போட மாட்டோம் என்று முன்பே எழுதி வையுங்கள். அச்சுப் பிரதியை மாற்ற முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

அனுப்புவதும் வெளியீடும்

உறையின் வெளியே இதழின் பெயரோ சின்னமோ வேண்டாம். அனுப்புநர் இடத்தில் ஒரு தனிப்பெயரோ பொதுவான பெயரோ போதும். வீட்டுக்கு அனுப்ப முடியாதவர்களுக்கு நண்பர் முகவரி, நூலகம், நேரில் வாங்குவது என்று இரண்டு மூன்று வழிகளாவது வைத்திருங்கள். சந்தா முடிந்தவரின் முகவரியை வைத்திருக்கத் தேவையில்லை, அழித்துவிடுங்கள்.

வெளியீட்டு நிகழ்வில் புகைப்படம்தான் பெரிய பிரச்சினை. கைபேசி இல்லாத கூட்டம் இன்று கிடையாது. நுழைவாயிலில் இரண்டு நிறத்தில் ஒட்டும் வில்லைகள் வையுங்கள்: ஒன்று படம் எடுக்கலாம், மற்றது எடுக்கக் கூடாது. அரங்கின் ஒரு பகுதியைக் கேமரா திரும்பாத பகுதியாக அறிவியுங்கள். நேரலை என்றால் கேமரா மேடையை மட்டும் பார்க்கட்டும். வர முடியாத எழுத்தாளரின் படைப்பை அவர் தேர்ந்த ஒருவர் வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் கைத்தட்டலின் ஒலிப்பதிவை அவருக்கு அனுப்பி வையுங்கள். அதைக் கேட்கும் உரிமை அவருக்குத்தான் முதலில்.

இதழ் வந்த பிறகு

சன்மானத்தையும் எழுத்தாளர் பிரதிகளையும் ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். நூலகங்களுக்கும் பால்புதுமையினர் ஆவணக் காப்பகங்களுக்கும் சில பிரதிகள் அனுப்புங்கள். 1976இல் தொடங்கி இன்றும் வரும் 'சினிஸ்டர் விஸ்டம்' போன்ற இதழ்களின் பழைய பிரதிகளை நாம் வாசிக்க முடிவது, யாரோ எடுத்து வைத்ததால்தான். பி.டி.எஃப்., மூலப் பக்கமாக்கக் கோப்பு, எழுத்துருக்கள் மூன்றையும் இரண்டு தனி இடங்களில் சேமித்து வையுங்கள்.

புனைபெயர்ப் பட்டியலை என்ன செய்வது என்று ஒவ்வொரு எழுத்தாளரிடமும் கேளுங்கள். சிலர் வைத்திருக்கச் சொல்வார்கள். பின்னொரு நாளில் அந்தப் படைப்பு தன்னுடையது என்று சொல்ல ஓர் ஆதாரம் வேண்டும் என்பார்கள். அவர்களுக்கு ஒரு சான்றுக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடலாம். மற்றவர்களின் விவரத்தைப் பெயர்ப் பொறுப்பாளர் அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று அவரவருக்கு ஒரு வரி எழுதட்டும். அது முடிந்ததும் அடுத்த அழைப்புக்குத் தேதி குறிக்கலாம்.